சந்தனம் வைக்காத ஜாக்கி

ஆயுத பூஜை. மாலை ஆறு மணிக்கு மேல்.

கிள்ளான் ரோட்டில், சுங்கை வே தாண்டி வரும் வளைவில், ரப்பர் பால்மரத் தோட்டத்து ஓரமாகச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் ஒன்று கழன்று புல்லில் கிடந்தது. காருக்கு அடியில், மார்பில் அச்சு அழுத்தியபடி, மல்லாந்து கிடந்தான் கன்னையா. உயிர் போய் நேரமாகியிருந்தது.

அடையாளம் காட்ட அண்ணன் சபாபதியை பிரிக்பீல்ட்ஸிலிருந்து போலீஸ் வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். ரயில்வே ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா அவர். நெற்றியில் காலையில் பூசிய விபூதி இன்னும் அழியவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். "என் தம்பிதான்" என்றார். அதற்கப்புறம் அவர் கண் போய் நின்ற இடம் தம்பி முகம் இல்லை. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஜாக்கி.

கைப்பிடியில் ரப்பர்க் கித்தா வார் சுற்றிய, கனமான, கிரீஸ் அப்பிய ஜாக்கி. இது நம்ம வீட்டு ஜாக்கி இல்லையே என்று வாய்வரை வந்துவிட்டது. வந்ததை அப்படியே விழுங்கினார் மனுஷன்.

துப்பறியும் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் வாலண்டைன் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பல்வலிக்காரர், எப்போதும் வாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார், அதனால் பேச்சும் குறைவு. இவரும் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைதான். அப்பா ரயில்வே கார்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறாத வேதக்காரக் குடும்பம்.

காரின் முகப்பு விளக்கில் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்கில் சந்தனம், குங்குமம். சீட்டுக்குப் பின்னால் திருகி வைத்திருந்த தகரப் பெட்டியின் மூடியில்கூடப் பட்டையாகச் சந்தனம். வாலண்டைன் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"கூடின கூட்டம் சுருட்டிட்டுப் போயிருக்கும் சார்" என்றான் கான்ஸ்டபிள்.

வாலண்டைன் புல்லில் கிடந்த சக்கரத்தையும் அதன் நட்டையும் பார்த்தார். சாதாரணக் காரில் ஒரு சக்கரத்துக்கு நாலைந்து நட்டு இருக்கும். இந்த ஸ்போர்ட்ஸ் காரில் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு, இரண்டு காதுகளோடு. காதில் சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும். அந்தக் காது இரண்டும் புதிதாக நசுங்கி, இரும்பு பட்ட வெள்ளைத் தழும்போடு இருந்தன. சுற்றுமுற்றும் தேடச் சொன்னார். சுத்தியல் எங்கேயும் இல்லை.

"அண்ணே, உங்க தம்பி இந்த நட்டை எதால தட்டுவாரு?"

சபாபதிக்குத் தெரியும். நட்டு நசுங்கக் கூடாது என்று சிங்கப்பூரிலிருந்து செம்புச் சுத்தியல் வரவழைத்தவன் கன்னையா. அதைக் கையில் வைத்து ஊரெல்லாம் காட்டியவன்.

"தெரியாதுங்க" என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? சொன்ன பொய் அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. வாலண்டைன் அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி குனிந்தார். பிணத்தின் தலையை மெல்லத் தூக்கிப் பின்பக்கம் தடவினார்.

"சக்கரம் மாத்துறவனுக்கு வண்டிக்கு அடியில என்ன வேலை?" என்று பொதுவாகக் கேட்டார்.

அன்று மத்தியானம் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சபாபதி யாரிடமும் சொல்லாததால் நான்தான் சொல்ல வேண்டும்.

கன்னையாவுக்குக் கார் ஒரு பைத்தியம் என்றால் அந்தத் தகரப் பெட்டி இரண்டாவது பைத்தியம். ஜாக்கி, மெத்து மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் வைக்கும் பலகை, செம்புச் சுத்தியல், ஸ்பானர்கள், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்று பிளக்கு, பெல்ட், இழுவைக் கயிறு, டார்ச் லைட், காயத்துக்கு அயோடினும் துணியும், தோட்டத்துப் பக்கம் பாம்பு கடித்தால் போட ஊதா மருந்து. "நடு ரோட்டுல நின்னா எவன்கிட்டயும் போயி நிக்க மாட்டேன். என்கிட்டதான் நாலு பேர் வருவான்" என்று பீற்றிக்கொள்வான். பீற்றல்தான், ஆனால் பொய்யில்லை. அந்த ரோட்டில் அவனிடம் ஜாக்கி வாங்காத டிரைவர் குறைவு.

ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டியைக் காலி செய்து, ஒவ்வொன்றாகக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சுவாமி படத்துக்கு முன் அடுக்கியது சபாபதிதான். அவர் வீட்டுச் சட்டம் இது: பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்துதான் எடுக்கணும். நடுவில் தொட்டால் தோஷம். வேறு சில வீடுகளில் கற்பூரம் காட்டியதும் எடுத்துக்கொள்வார்கள். சபாபதி வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் மூலைக் காப்பிக்கடைக்கு டெலிபோன் வந்து, கன்னையா போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"அண்ணே, கிள்ளான் ரோட்டுல வண்டி ஒண்ணு நின்னுபோச்சாம். பெட்டியோட வரச் சொல்றான். சாமானை எடுத்துக்கிறேன்."

"இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாதுடா."

"ஒரே ஒரு ஸ்பானராவது குடுங்கண்ணே. கூப்பிட்டது யாரு தெரியுமா, நம்ம…"

"யாரா இருந்தா என்ன? சாமியை விடப் பெரிய ஆளா?"

வாகனம் வேறு, ஆயுதம் வேறு என்று ஒரு வியாக்கியானமும் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்ட காரை எடுக்கலாம், சாமானை எடுக்கக் கூடாது. கன்னையா அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவன், சிரித்துவிட்டான். "சரி, வெறுங்கையோட போய் ஆளையாவது ஏத்திட்டு வரேன். நாளைக்கு விஜயதசமி, ஒரு நல்ல காரியம் தொடங்கணும்ணே, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகணும், வந்து சொல்றேன்" என்றான். அவன் மனைவி புஷ்பவல்லி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கிளம்பிப் போய்விட்டது.

யாரு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லையே பாவி மனுஷன்.

விஜயதசமி. விடிந்ததும்.

சாவு விழுந்த வீட்டில் மறுபூஜை ஏது? தீட்டு. சபாபதி பூஜை அறைக்குள் போனார். ஜாக்கி அங்கே இருந்தது. மூன்று பட்டைச் சந்தனம், நடுவே குங்குமம், மேலே ஒரு செவ்வரளிப் பூ. பக்கத்தில் செம்புச் சுத்தியல்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. வெறுங்கையோடு போனவனுக்கு டயர் இறங்கியிருக்கிறது. ரோட்டில் போன எவனிடமோ ஓட்டை ஜாக்கியை வாங்கியிருக்கிறான். அது வழுக்கிவிட்டது. நம்ம ஜாக்கியும் பலகையும் இருந்திருந்தால் வழுக்கியிருக்காது. ஆக, தம்பியைக் கொன்றது யார்? நான்தான். என் சாஸ்திரம்தான். அடக் கடவுளே, இதைப் புஷ்பவல்லியிடம் எந்த வாயால் சொல்வது?

ஜாக்கியையும் சுத்தியலையும் வேட்டியில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மற்ற சாமான்களைச் சாக்கில் கட்டிக் கொல்லையில் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். தெரிந்துதான் செய்தார்.

துக்கம் கேட்க ஊரே வந்தது. கன்னையாவோடு கூட்டாக லோரி கம்பெனி நடத்தும் கிரிகரி கிள்ளானிலிருந்து வந்து, சபாபதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வேதக்காரன்தான், ஆனாலும் வருஷா வருஷம் இந்த வீட்டில் ஆயுத பூஜைச் சுண்டல் தின்றவன். அழுகைக்கு நடுவே ஒன்று கேட்டான்.

"அந்தப் பெட்டியில எல்லா சாமானும் வச்சிருப்பானே அண்ணே. எப்பவும் வச்சிருப்பான்தானே?"

சபாபதி தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே செருப்பை மாட்டும்போதும் கிரிகரி அதையே கேட்டான். இவன் நம்மைக் குத்திக் காட்டுகிறான் என்று நினைத்து சபாபதி உள்ளே போய்விட்டார். குற்ற உணர்ச்சி வந்தவனுக்கு ஊர் பேசுவதெல்லாம் தன்னைப் பற்றித்தான்.

புஷ்பவல்லி அவரிடம் பேசவே இல்லை. அவர் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டு நல்லம்மாள்தான் சோறு கொண்டுவந்து போட்டாள்.

மூன்றாம் நாள். காலை.

வாலண்டைன் தனியாக வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அண்ணே, உங்க டிரங்குப் பெட்டியைத் திறங்க."

எப்படித் தெரிந்தது இந்த மனுஷனுக்கு? சபாபதி சாவியை எடுத்தார். வேட்டியைப் பிரித்ததும் காய்ந்த சந்தனம் தரையில் உதிர்ந்தது. அதற்கப்புறம் அவரால் மறைக்க முடியவில்லை. மத்தியானம் தம்பி கேட்டது, தான் மறுத்தது, ரோட்டில் பொய் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "என்னைக் கைது பண்ணிடுங்க ஐயா, நான்தான் அவனைக் கொன்னேன்" என்று சுவரில் சாய்ந்து அழுதார்.

அவர் அழுது முடியும்வரை வாலண்டைன் காத்திருந்தார். கிராம்பைக் கன்னத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு பேசினார்.

"ரோட்டுல கிடந்த ஜாக்கியில சந்தனம் இல்லை. கார்ல எல்லாத்துக்கும் இருக்கு, ஜாக்கிக்கு மட்டும் இல்லைன்னா அது உங்க வீட்டு ஜாக்கி இல்லை. அன்னைக்கே தெரியும். சரி, யாரோ கடன் குடுத்தாங்கன்னே வைங்க. ஜாக்கி குடுத்தவன் அது திரும்பக் கைக்கு வர்ற வரைக்கும் பக்கத்துலயே நிப்பான். இல்ல, மறுநாளாவது வந்து கேப்பான். மூணு நாளாச்சு. ஒருத்தன் வரலை."

சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நட்டை இரும்புச் சுத்தியலால அடிச்சிருக்கு. அந்தச் சுத்தியல் அங்க இல்லை. ஜாக்கியை விட்டுட்டுப் போனவன் சுத்தியலை மட்டும் ஏன் எடுத்துட்டுப் போகணும்? உங்க தம்பிக்குப் பின்மண்டை உடைஞ்சிருக்கு அண்ணே. கீழ மெத்து மண்ணு, அது உடைக்காது. அடிச்சுப் போட்டு, அப்புறம்தான் வண்டிக்கு அடியில இழுத்துப் போட்டிருக்கான்."

"யாரு?"

"உங்க தம்பி பெட்டியில ஜாக்கி இருக்கும்னு நம்பி வந்தவன். அடிச்சதுக்கு அப்புறம் பெட்டியைத் திறந்து பாத்திருக்கான். காலி. ஜாக்கி இல்லாம வண்டி சாஞ்சு கிடந்தா எவன் விபத்துன்னு நம்புவான்? வேற வழியில்லாம தன் வண்டி ஜாக்கியை வச்சுட்டுப் போயிருக்கான். இருக்கிற கனத்துக்கு அது லோரி ஜாக்கி. கிளம்புங்க, கிள்ளானுக்கு, உங்க தம்பியோட லோரி ஷெட்டுக்குப் போவோம். போற வழியில, உங்க தம்பி அன்னைக்குப் பேசின ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வேணும்."

அதே நாள். மத்தியானம்.

கிள்ளானில் லோரி ஷெட். டிரைவர் சின்னையா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பூஜை நல்லபடியாக நடந்ததா என்று வாலண்டைன் கேட்டதுதான் தாமதம், கிழவர் பொரிந்து தள்ளிவிட்டார். இருப்பதே இரண்டு லோரி, அதில் ஒன்றை முதலாளி கிரிகரியே பூஜை நாள் காலையில், சந்தனம் வைக்கும் முன்பே ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். டிரைவர்களுக்கு லீவு விட்டுவிட்டு முதலாளி லோரி ஓட்டுகிற அதிசயம் எந்த ஊரில் உண்டு? மறுநாள் அந்த லோரிக்குத் தனியாக ஒரு பூஜை போடலாம் என்று சாமான்களை இறக்கினால் ஜாக்கியைக் காணோம். சுத்தியல் மட்டும் பளபள என்று கழுவி வைத்திருந்தது.

"என் ஆயுசுல அந்தாளு ஒரு ஸ்பானரைக் கழுவி நான் பாத்ததில்லைங்க" என்றார் சின்னையா.

வாலண்டைன் சாக்குப் பையிலிருந்து ஜாக்கியை எடுத்துக் காட்டினார். சின்னையா முகம் மலர்ந்தது. கைப்பிடி சுடுகிறது என்று கித்தா வார் சுற்றியது தான்தான், எங்கே கிடைத்தது என்று கேட்டார். கேட்டு முடிக்கும்போதே அவருக்கும் ஏதோ புரிந்து, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

கிரிகரி உள்ளே மேஜையில் இருந்தான். சபாபதியைக் கண்டதும் எழுந்தான்.

"ஆயுத பூஜை அன்னைக்கு லோரி எங்க இருந்துச்சு?" என்றார் வாலண்டைன்.

"இங்கதான் சார். ஷெட்ல."

"சின்னையா இல்லைன்றாரு."

"ஆங்… போர்ட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். மறந்துட்டேன் சார்."

"ஜாக்கி?"

"ரோட்டுல எங்கயாவது விழுந்திருக்கும்லா."

"விழுந்துச்சு. சுங்கை வேயில."

ஜாக்கியை மேஜைமேல் வைத்தார் வாலண்டைன். கிரிகரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தியல் விஷயம், டெலிபோன் விஷயம், காலையில் போர்ட்டுக்குப் போனவன் மாலையில் திரும்பி வந்த நேரம் என்று வாலண்டைன் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவன் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பதில் வைத்திருந்தான். பதில் தடுமாறியதே தவிர ஆள் மசியவில்லை. கடைசியில் வாலண்டைன் ஜாக்கியைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் கிரிகரி சபாபதி பக்கம் திரும்பினான். மூன்று நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, அந்தப் பெட்டி ஏன் காலியா இருந்துச்சு?"

வாலண்டைன் பையைக் கீழே வைத்தார்.

"பெட்டி காலின்னு நான் யாருக்கும் சொல்லலை" என்றார் வாலண்டைன். "திறந்து பாத்தது போலீஸ். அதுக்கு முன்னாடி பாத்தது கொன்னவன்."

கிரிகரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மீதியில் பாதியை ஷெட் சொன்னது, பாதியை அவன் சொன்னான். கித்தா ஷீட்டுக் கட்டுகளுக்கு நடுவே கள்ள அபின் பொட்டலங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கன்னையா அதைக் கண்டுபிடித்துவிட்டான். விஜயதசமி அன்று போலீசுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன், அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு என்று கூட்டாளிக்கு நாள் கொடுத்திருந்தான். நல்லவன் செய்கிற முட்டாள்தனம் அது.

"உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சது சுண்டல் வரைக்கும்தான் கிரிகரி" என்றார் வாலண்டைன், அவன் கையில் விலங்கை மாட்டியபடி. "கற்பூரம் காட்டினதோட பூஜை முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டீங்க. இவங்க வீட்டுல அது மறுநாள்தான் முடியும்."

திரும்பி வரும் வழியில் சபாபதி வெளியே பார்த்தபடியே வந்தார். சுங்கை வே வளைவு வந்தபோது வாலண்டைன் சொன்னார்: "சாமான் எல்லாம் கார்ல இருந்திருந்தா, உங்க தம்பி ஜாக்கியையே வச்சு ஜோடிச்சிருப்பான். நானே விபத்துன்னு எழுதியிருப்பேன். உங்க பூஜைதான் அவனைக் காட்டிக் குடுத்துச்சு அண்ணே."

ஆறுதலுக்குச் சொன்னார். சபாபதி அதை எடுத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை. கையில் ஒரு ஸ்பானர் இருந்திருந்தால் தம்பி திருப்பி ஒரு அடியாவது அடித்திருப்பானே என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"ஐயா, டிரங்குப் பெட்டி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வாலண்டைன் கொஞ்சம் யோசித்தார். "வீட்டுக்குப் போங்க. அவங்களே சொல்லுவாங்க."

புஷ்பவல்லி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த வீட்டு ஜாக்கியும் செம்புச் சுத்தியலும் இருந்தன. சபாபதி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கிரிகரி பெயரைச் சொன்னார். அவள் வெகுநேரம் அழுதாள். அப்புறம் மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போலீஸ்ல சொன்னது நான்தான் மாமா. நீங்க அதை ஒளிச்சு வச்சதைப் பாத்தேன். உங்களுக்கும் இதுல பங்கு இருக்குன்னு நினைச்சுட்டேன்."

"நினைச்சதுல தப்பில்லைம்மா. பங்கு இருக்கு."

"அவரு ஒரே ஒரு ஸ்பானர் கேட்டாரே மாமா. ஏன் குடுக்கலை?"

சாஸ்திரம், அப்பா காலத்து வழக்கம், தோஷம் என்று எத்தனையோ பதில் வைத்திருந்த மனுஷன். "தெரியலைம்மா" என்றார்.

புஷ்பவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் கதவுகிட்டதான் நின்னேன். கையை நீட்டினா எட்டுற தூரம். மூத்தவர் சொல்லிட்டாரேன்னு நின்னுட்டேன்."



மறு வருஷம் அந்த வீட்டில் ஆயுத பூஜை நடந்தது. கற்பூரம் காட்டி முடித்த நேரத்தில் வாசலில் ஒரு டாக்சிக்காரன் வந்து நின்றான். ஸ்டேஷன் ரோட்டில் டயர் வெடித்துவிட்டது, இங்கே ஜாக்கி இருக்கும் என்று சொன்னார்களாம். சபாபதி எழுந்து திரும்பினார். அதற்குள் புஷ்பவல்லி பூஜையிலிருந்து ஜாக்கியைத் தூக்கிவிட்டிருந்தாள். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது, அவள் கையெல்லாம் ஒட்டியது.

சபாபதி பலகையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டே டாக்சிக்காரனிடம், தம்பி நீ யாரு, யார் வண்டி, எங்க நிக்குது, கூட ஆள் இருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினார்.